பட்டாளத்தாரின் கடைவாய்ப்பல்

அந்தத் தெருவில் பட்டாளத்தார் கடை எங்கே என்று கேட்டால் பால் குடிக்கிற குழந்தையும் கை நீட்டிக் காட்டும். தபால் நிலையத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட சலூன். உள்ளே இரண்டு சுழல் நாற்காலி, அதில் ஒன்று சுழலாது. சுவரோரம் ஒரு நீள பெஞ்சு, அதில் முடி வெட்டிக்கொள்ள வந்தவர்களை விடக் கதை கேட்க வந்தவர்கள் அதிகம். எல்லாம் சரிதான். சரியில்லாத சங்கதி ஒன்றே ஒன்றுதான், பட்டாளத்தார் பட்டாளத்தில் இருந்ததே கிடையாது.

முழுப் பழியையும் அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. பொய் சொல்ல வேண்டும் என்று அவர் வாயைத் திறக்கவில்லை. சொல்லப்போனால் வாயையே திறக்கவில்லை. கடை போட்ட புதிதில் குளிருக்கு ஆகுமே என்று பழைய துணிச் சந்தையில் ஒரு காக்கிக் கோட்டு வாங்கினார். கெட்டித் துணி, தோளில் பட்டை, பித்தளைப் பொத்தான். அதைப் போட்டுக்கொண்டு தபால்காரருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தபோது, "ஏம்ப்பா, பட்டாளத்துல இருந்தியா?" என்று அந்த மனுஷன் கேட்டார். இவர் பல்லில் சீப்பைக் கடித்துக்கொண்டிருந்தார். "ம்" என்றார்.

அந்த ஒரு 'ம்'தான். மறுநாள் டீக்கடையில் ஒருவர் எழுந்து, "நீங்க உக்காருங்க" என்று இடம் கொடுத்தார். அதுவரை அவரை ஊரில் யாரும் நீங்க என்று சொன்னதில்லை. ஏம்ப்பா, இந்தாப்பா, முடி அதிகம் எடுத்துடாதப்பா, இவ்வளவுதான் அவர் கேட்டிருந்த மரியாதை. அன்றைக்கு அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அந்த 'நீங்க'வை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு வந்தார்.

அப்புறம் 'ம்' தானாக வளர்ந்தது. கேட்கிறவர்கள் கேட்டார்கள், இவர் சொன்னார். பனிமலை வந்தது. குண்டு மழைக்கு நடுவில் ஒரு ஜெனரலுக்குச் சின்னக் கீறல்கூட இல்லாமல் சவரம் செய்த கதை வந்தது. தோளில் பாய்ந்த குண்டைத் தானே நோண்டி எடுத்து, ஊசி நூலால் தானே தையல் போட்டுக்கொண்ட கதையும் வந்தது. மயக்க மருந்தா, அதெல்லாம் அங்கே ஏது என்பார். தோளில் தழும்பு இருந்தது உண்மை. கடையின் இரும்பு ஷட்டர் கொக்கி கிழித்தது.

அவர் பெண்சாதிக்கு மட்டும் எல்லாம் தெரியும். "அந்த வருஷம் பூரா நீங்க எங்க மாமா கடையில முடி கூட்டிக்கிட்டு இருந்தீங்க. பனிமலையாம். ஐஸ் வண்டி மணியடிச்சாலே தும்முற ஆளு" என்பாள். வெளியே ஒரு வார்த்தை விடமாட்டாள். புருஷனை ஊர் மதித்தால் அவளுக்கும் கசக்கவா செய்யும்?

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில்தான் கடைவாய்ப்பல் புகுந்தது.

முதலில் சும்மா கூச்சம் மாதிரி இருந்தது. கிராம்பு வைத்தார், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தார், வலது பக்கமாகவே மென்றார். ஒரு வாரத்தில் இடது கன்னம் வீங்கிவிட்டது. பேச முடியவில்லை. பட்டாளத்தார் பேசாத சலூனில் கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்டது. "பழைய சண்டை ஏதோ ஞாபகம் வந்துடுச்சு போல, பாவம்" என்று பெஞ்சில் இருந்தவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டார்கள்.

பல்லைப் பிடுங்கவேண்டும் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் அவர் உலகத்திலேயே பயப்படுகிற பொருள் ஒன்று உண்டென்றால் அது பல் டாக்டர் கையில் இருக்கும் இடுக்கிதான். பல்லை மரத்துப்போக வைக்கிற அந்த ஊசி இருந்தால் ஒருவேளை கண்ணை மூடிக்கொண்டு தாங்கிவிடலாம். அது இல்லாமல் முடியவே முடியாது. இது இப்படியிருக்க, தெருவின் எதிர்ச்சாரியில் புதிதாகப் பலகை மாட்டிய பல் டாக்டர் யார் தெரியுமா? ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற மேஜர்.

நிஜ மேஜர். ஆறடி உயரம், கதவை அடைக்கிற முதுகு, வெள்ளைக் கோட்டிலும் மடிப்புக் கலையாத ஆள். அவருடைய ஆஸ்பத்திரியைப் பற்றி ஊரில் அதற்குள் ஆயிரம் பேச்சு. காத்திருக்கும் நாற்காலிகள் சுவரோடு ஒரே கோட்டில் இருக்கவேண்டும். ஒன்றை நகர்த்தினால் உதவியாளர் வந்து திரும்ப இழுத்துப்போடுவார். அந்த உதவியாளரும் பட்டாளத்தில் மேஜரோடு இருந்தவர். அடுத்த ஆளைக் கூப்பிட வாயால் கூப்பிடமாட்டார், விசில் ஊதுவார், அதனால் அவர் பெயரே விசில் என்று ஆகிவிட்டது. மருத்துவ அறைக்குக் கதவு உண்டு, ஆனால் மூடக்கூடாது. மேஜருக்கு மூடிய கதவு பிடிக்காது. இது போதாதென்று வாசலில் செருப்பு, ஷூ, சாக்ஸ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே போகவேண்டும். சுத்தத்துக்காக என்று ஊர் நினைத்துக்கொண்டது.

"வேற எங்கயாவது போய்ப் பிடுங்கிட்டு வாங்க. அந்தாளு கிட்ட மட்டும் போகாதீங்க. ரெண்டு கேள்வியில உங்க பனிமலை உருகிடும்" என்றாள் பெண்சாதி.

அது நல்ல யோசனைதான். மறுநாள் காலையில் வழக்கமான காக்கிக் கோட்டோடு, கன்னத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றார். எங்கிருந்துதான் வந்தாரோ, தபால்காரர் சைக்கிளோடு முன்னால் வந்து நின்றார்.

"என்ன பட்டாளத்தாரே, பல்லா? பல்லுக்கு பஸ் ஏறியா போறீங்க? எதிர்க்கவே உங்க ஆளு உக்காந்திருக்கும்போது?"

துண்டுக்குள்ளிருந்து இவர் ஏதோ சொன்னார்.

"கூச்சப்படாதீங்க. நான் போய்ச் சொல்லிடறேன்."

போய்ச் சொல்லிவிட்டார். பேருந்து வருவதற்குள் விசில் வந்துவிட்டார், நடையா ஓட்டமா என்று சொல்லமுடியாத ஒரு வேகத்தில். "மேஜர் உங்களை உடனே வரச் சொன்னார். நம்ம ஆளு வரிசையில நிக்கவேண்டாம்னுட்டார்" என்று சொல்லி ஒரு சல்யூட் வைத்தார். பேருந்து நிறுத்தமே பார்த்துக்கொண்டிருந்தது. பட்டாளத்தாரும் திருப்பி ஒரு சல்யூட் வைத்தார், எந்தக் கை என்று ஒரு கணம் யோசித்துவிட்டு. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் வாய் கெட்டுப் பல்லில் வந்து நின்றது.

ஆஸ்பத்திரியில் வெளி நாற்காலிகள் நிறைந்திருந்தன. பாதிப் பேருக்குப் பல்லில் ஒன்றுமில்லை, பட்டாளத்தாரும் மேஜரும் சந்திப்பதைப் பார்க்க வந்தவர்கள். தபால்காரர் முன் நாற்காலியில் தபால் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாரும் வெறுங்காலோடு, முதுகை நிமிர்த்தி, வாயை மூடிக்கொண்டு. பட்டாளத்தார் செருப்பைக் கழற்றும்போது வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். ஓடிவிடலாம்தான். ஓடினால் மறுநாள் டீக்கடையில் யார் எழுந்து இடம் கொடுப்பார்கள்?

விசில் ஊதப்பட்டது.

"வாங்க. உக்காருங்க. எந்த யூனிட்டு?" என்றார் மேஜர்.

பட்டாளத்தார் கன்னத்தைத் தொட்டுக் காட்டி, பேச முடியாது என்று கையை விரித்தார். ஜென்மத்தில் முதல்தடவையாக அந்த வீக்கத்துக்கு நன்றி சொன்னார்.

"சரி, அப்புறம் பேசிக்கலாம். வாய்."

நாற்காலி சாய்ந்தது. விளக்கு முகத்துக்கு மேல் வந்து நின்றது. கால்கள் நீண்டு, பத்து விரலும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. மேஜர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, ஒரு மெல்லிய கம்பியால் கடைவாய்ப்பல்லின் மேல் ஒரு தட்டு தட்டினார்.

"வலிக்குதா?"

பட்டாளத்தாருக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. ஆனால் திறந்த கதவுக்கு வெளியே ஊரே காதைத் தீட்டிக்கொண்டு இருக்கும்போது என்ன செய்ய முடியும்? இல்லை என்று தலையை ஆட்டினார். முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டார். மேஜர் இன்னொரு தட்டு தட்டினார்.

"இப்ப?"

அதற்கும் இல்லை.

இதில் ஒரு விசேஷம், மேஜர் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. நாற்காலியின் மறு கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுக்கத்தான் வேணும். ஊசி போட்டுடவா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். மேஜர் சாதாரணமாகக் கேட்பது மூன்று வீட்டுக்குக் கேட்கும்.

பட்டாளத்தாரின் தலை ஆமாம் என்று அசையத் தொடங்கிய அதே நேரத்தில் வெளியே இருந்து தபால்காரர் பதில் சொல்லிவிட்டார்.

"அவருக்கு எதுக்கு டாக்டர் ஊசி? தோள்ல குண்டு பாஞ்சப்ப தானே தையல் போட்டுக்கிட்ட மனுஷன் அவரு."

"அதானே" என்றது வெளியறை.

ஆமாம் என்று கிளம்பிய தலை பாதி வழியில் திரும்பி, வேண்டாம் என்று முடிந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று இதைத்தான் சொல்வார்கள் போலிருக்கிறது. மேஜர் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தார். பிறகு வாய்க்குள் பஞ்சு உருண்டைகளை அடைத்தார், எச்சில் உறிஞ்சுகிற குழாயை மாட்டினார், தட்டில் கிடந்த இடுக்கியை எடுத்தார். விளக்கு வெளிச்சத்தில் அது பளபளத்தது.

பட்டாளத்தார் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு பக்கம் டீக்கடை ஸ்டூல், 'நீங்க', சல்யூட், பெஞ்சு நிறைய ஆட்கள். இன்னொரு பக்கம் இடுக்கி. ஸ்டூலுக்காக எதை வேண்டுமானாலும் தாங்கலாம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார். இடுக்கியின் குளிர்ந்த மூக்கு ஈறைத் தொட்டதும் ஸ்டூல் போனால் போகட்டும் என்று ஆகிவிட்டது. மேஜரின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் பட்டாளத்தில் இருந்ததே இல்லை, ஊசி போடுங்கள் என்று வாய்விட்டுக் கத்தினார்.

வாயில்தான் பஞ்சும் குழாயும் இருந்ததே. வெளியே கேட்டது இதுதான்:

"ஆன் அட்டாஅட்டுல இயுந்தஏ இல்ல. ஊயி ஓடுங்க."

வெளியறையில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் பல் டாக்டர்களுக்கென்று ஒரு வித்தை உண்டு. நாள் பூராவும் வாயைத் திறந்து வைத்திருப்பவர்களோடு பேசிப் பேசி, உதடும் நாக்கும் சேராத பேச்சு அவர்களுக்கு அச்சடித்த மாதிரி விளங்கும். மேஜர் இடுக்கியை மெல்ல வெளியே எடுத்தார்.

"கோட்டு?" என்றார், இந்தத் தடவை குரலைத் தாழ்த்தி.

"அந்தை."

"சந்தையிலயா. நல்ல கோட்டு." மேஜர் குனிந்து அவர் காதுக்குப் பக்கத்தில் வந்தார். "நான் பட்டாளத்துல என்ன வேலை பார்த்தேன் தெரியுமா? காலையில ஓட்டத்துக்குப் போகாம இருக்க, பல்லு வலிக்குதுன்னு பொய் சொல்லிட்டு வர்ற பசங்களைக் கண்டுபிடிக்கிறது. வாய் ஐயோ அம்மான்னு கத்தும். ஆனா நிஜமாவே வலிச்சாத்தான் கால் கட்டைவிரல் மடங்கும். அதை நடிக்க முடியாது. அதுக்குத்தான் இங்க எல்லாரையும் வெறுங்காலா வரச் சொல்றேன். இத்தனை வருஷமா வலிக்காதவன் வலிக்குதுன்னு சொல்லித்தான் பார்த்திருக்கேன். வலிக்கிறவன் வலிக்கலைன்னு சொல்றதை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்."

பட்டாளத்தார் கண்ணைத் தாழ்த்தித் தன் காலைப் பார்த்தார். இரண்டு கட்டைவிரலும் உள்ளங்காலுக்குள் புகுந்துகொள்ளப் பார்ப்பதுபோல் மடங்கிக் கிடந்தன.

"இன்னொண்ணு. பட்டாளத்துக்காரன் உள்ள வந்ததும் முதல்ல கேக்கிறதே ஊசி இருக்கான்னுதான். வேணாம்னு ஒருத்தன்கூடச் சொன்னதில்ல. நீங்க தலையை ஆட்டுனப்பவே தெரிஞ்சிடுச்சு."

சொல்லிவிட்டு மேஜர் கதவுப் பக்கம் தன் முதுகைத் திருப்பி நின்றார். அந்த முதுகுக்குப் பின்னால் ஒரு கல்யாணமே நடத்தலாம், வெளியே தெரியாது. ஊசி ஈறில் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் கன்னம், தாடை, நாக்கின் பாதி எல்லாம் யாருடையதோ ஆகிவிட்டது. பட்டாளத்தார் அழுதார். வலியில் இல்லை.

"டாக்டர், அவரு என்னமோ சொன்னாரே?" வெளியே இருந்து தபால்காரரின் குரல் வந்தது.

மேஜர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவங்க யூனிட்டோட போர் முழக்கம்" என்றார் உரக்க. "எதிரி மேல பாயறப்ப சொல்றது."

வெளியறையில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். விசில் விறைப்பாகச் சல்யூட் வைத்தார். அந்த மரியாதைக்கு நடுவில், ஒரு சொட்டு வலியில்லாமல், பட்டாளத்தாரின் கடைவாய்ப்பல் வெளியே வந்தது.

அதற்கப்புறம் பட்டாளத்தார் பனிமலைக் கதையை விட்டுவிட்டார். பெண்சாதியிடம் சத்தியம் செய்து கொடுத்திருந்தார், மனசாரவும் விட்டுவிடத்தான் நினைத்தார். யார் விட்டார்கள்? அவர் நிறுத்தியதும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஊசி வேண்டாம் என்று சொன்ன கதை தபால் பையோடு வீடு வீடாகப் போனது. மேஜரிடம் பல் பிடுங்க வந்த மளிகைக்கடைக்காரர் நாற்காலியில் சாய்ந்ததும் "ஆன் அட்டாஅட்டுல இயுந்தஏ இல்ல" என்று வீரமாகக் கத்தினாராம். பந்து விளையாடுகிற பையன்கள் கோல் அடிக்க ஓடும்போது அதைச் சொல்லிக்கொண்டு ஓடினார்கள். தன் வாக்குமூலத்தைத் தெருவே கூவிக்கொண்டு போவதைக் கடைக்குள் நின்று கேட்கும்போதெல்லாம் பட்டாளத்தாருக்குக் காது சிவந்துவிடும். "நீங்க ஒரு தடவைதான் உண்மை பேசுனீங்க. அது எப்படிப் பரவுது பாருங்க" என்று பெண்சாதி சிரித்தாள்.

மேஜருக்கு எப்படியாவது நன்றிக்கடன் தீர்க்கவேண்டும் என்று நினைத்தார். "ஒருநாள் கடைக்கு வாங்க சார், நானே சவரம் செஞ்சு விடறேன்" என்று சொல்லி வைத்தார். பார்க்கலாம் பார்க்கலாம் என்று மேஜர் ரொம்ப நாள் தட்டிக்கழித்தார். எப்போதும் மின்சார ரேஸரில் மழித்துக்கொள்கிற பழக்கம் அவருக்கு. கடைசியில் அந்த ரேஸர் கெட்டுப்போய், மூன்று நாள் தாடியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சலூனுக்குள் வந்து நின்றார். அரைக்கால் சட்டை, தோல் செருப்பு. பெஞ்சு எழுந்து நின்று, அவர் உட்காரச் சொன்ன பிறகு உட்கார்ந்தது.

சுழல்கிற நாற்காலியில் அவரை உட்காரவைத்து, கழுத்தில் துணி கட்டி, கன்னம் முழுக்க நுரை பூசினார் பட்டாளத்தார். உதடு மட்டும் ஒரு கோடாகத் தெரிந்தது. கத்தியை விரித்தார்.

"ம்ம்" என்றார் மேஜர்.

சவரக்காரர்களுக்கும் ஒரு வித்தை உண்டு. நுரைக்கு அடியில், உதட்டைத் திறக்காமல், தொண்டைக்குள்ளேயே பேசுகிறவர்களின் பேச்சைக் கேட்டே அவர்கள் காலம் ஓடுகிறது. பட்டாளத்தார் கத்தியை அப்படியே நிறுத்திக் காதைச் சாய்த்தார்.

"ம்ம் ம்ம்ம். ம்ம் ம்ம்."

என்ன சொன்னார் என்பது அவருக்கு அட்சரம் பிசகாமல் விளங்கியது. மற்றவங்க ரத்தம் எவ்வளவு வேணும்னாலும் பார்ப்பேன், என் ரத்தம் ஒரு சொட்டு பார்த்தா மயக்கம் போட்டுடுவேன், கத்தி வேண்டாம். பட்டாளத்தார் கீழே பார்த்தார். தோல் செருப்புக்குள் இரண்டு கட்டைவிரலும் மடங்கிக் கிடந்தன.

"என்ன சொல்றாரு மேஜர்?" பெஞ்சிலிருந்து தபால்காரர் கழுத்தை நீட்டினார்.

பட்டாளத்தார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கத்தி கூர் பத்தலையாம். இன்னும் நல்லாத் தீட்டச் சொல்றாரு."

பெஞ்சு பெருமூச்சு விட்டது. பட்டாளத்தார் கத்தியைத் தோல்வாரில் சளார் சளார் என்று தெருவுக்கே கேட்கும்படி தீட்டினார். பிறகு நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி, காக்கிக் கோட்டு போட்ட தன் முதுகை பெஞ்சுக்குக் காட்டி நின்றுகொண்டு, கத்தியை மடித்துப் பைக்குள் போட்டார். சீப்பை எடுத்தார். அதன் மொட்டை முதுகால் கன்னத்தில் இருந்த நுரையை இழுத்து இழுத்து வழித்தார். சத்தம் கத்தி மாதிரியேதான் கேட்டது. வெந்நீர்த் துண்டு போட்டுத் துடைத்து, வாசனைத் தண்ணீர் தெளித்து, நாற்காலியைத் திருப்பிவிட்டார். செருப்புக்குள் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

மேஜர் எழுந்தார். மூன்று நாள் தாடி ஒரு முடி குறையாமல் முகத்தில் அப்படியே இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சல்யூட் வைத்துக்கொண்டார்கள், இந்தத் தடவை பட்டாளத்தார் சரியான கையால். மேஜர் நிமிர்ந்த நடையில் தெருவைத் தாண்டிப் போவதைக் கண்ணாடிக் கதவு வழியாக எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முகம் எப்படிப் பளபளன்னு ஆயிடுச்சு பாரு" என்றார் ஒருவர்.

தபால்காரர் அவசரமாக வந்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, கன்னத்தை உயர்த்திக் காட்டினார்.

"மேஜருக்குப் பண்ணுன மாதிரியே எனக்கும் பண்ணிவிடுங்க."